பூவா தலையா

ஜூலையில் இருபத்துமூன்று பேர் வந்தோம்.
ஷூ இருந்தது ஒன்பது பேரிடம்.
மஞ்சக்குப்பம் மைதானத்தில்
ஏதோ கூட்டத்துக்குப் பந்தல் போட்ட குழிகளை
முதல் வாரம் முழுக்க மண் போட்டு மூடினோம்.
"இதுவும் பயிற்சிதான்" என்றார் ஃபிலோமினா மேடம்.
ஆகஸ்டில் பதினான்கு பேர்.

நான் லெஃப்ட் பேக்.
அதாவது, குழுப் படத்தில் ஓரமாய் வெட்டுப்படுகிறவள்.
கோல் விழுந்தால் அத்தனை தூரம் ஓடிவந்து சேர்வேன்,
அதற்குள்
கட்டிப்பிடித்தவர்கள் பிரிந்து போயிருப்பார்கள்.

நெய்வேலியில் ஆறு வாங்கினோம்.
ஆறாவதற்குப் பிறகு எங்கள் கோலி தௌலத்
பந்தை எடுக்காமல் வலைக்குள்ளேயே உட்கார்ந்து
அவிழாத லேஸை அவிழ்த்துக் கட்டினாள்.
பேருந்தில் வடலூர் வரை பேச்சில்லை.
வடலூர் தாண்டியதும் சந்தனமேரி
"வேர்க்கடலை யாருக்கு?" என்றாள்.
எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

விருத்தாசலத்துக்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்த அன்று
தெற்கிலிருந்து காற்று.
சிப்காட் வாசனை மைதானம் முழுக்க.
அவர்கள் மூக்கைப் பிடித்தார்கள்,
நாங்கள் மூச்சை இழுத்து விட்டு ஓடினோம்.
சொந்த மைதானத்தின் பலம் என்பது
எங்களுக்கு அவ்வளவுதான்.
ஒன்றுக்கு ஒன்று.
அந்த ஒன்றை அடித்தவள் எழிலரசி, தேவனாம்பட்டினம்.
கடற்கரை மணலில் ஓடிப் பழகிய கால்.
கட்டாந்தரை அவளுக்கு
யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுவதுபோல.

சிதம்பரத்துக்கு ஃபாயிஸா
அரியர் பரீட்சை எழுதிவிட்டு நேராக வந்தாள்.
ஹால் டிக்கெட் வலது சாக்ஸுக்குள்.
அதே காலால்தான் இரண்டாவது கோல்.
பேப்பரில் என்ன எழுதினாய் என்று கேட்டதற்கு
"அதை விடு" என்றாள்.
இரண்டுக்கு ஒன்று. அப்புறம் பண்ருட்டி, ஒன்றுக்குப் பூஜ்யம்.
எப்படியோ, நிஜமாகவே எப்படியோ,
இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம்.

எதிரி திண்டிவனம்.
அவர்களுடைய ஏழாம் நம்பர், வலது ஓரம்.
அவளைத் தடுக்க வேண்டியது நான்.
யாரோ எடுத்த வீடியோ இருபத்தெட்டு நொடி,
இரவெல்லாம் போர்வைக்குள் பார்த்தேன்:
தோளை உள்ளே காட்டுவாள், கால் வெளியே போகும்.
தோளைப் பார்க்காதே, இடுப்பைப் பார்.
சோற்றைப் பிசையும்போதும் சொல்லிக்கொண்டேன்.

நவம்பர் வந்தது. புயலும்.
கெடிலம் கரையைக் கேட்கவில்லை.
மைதானத்தில் முழங்கால் தண்ணீர்,
கோல் கம்பத்தில் ஒரு கொக்கு.
எங்கள் வகுப்பறைகளில் மூன்று தெருக்காரர்கள்
பாயும் பாத்திரமுமாகப் படுத்திருந்தார்கள்.
வேறு தேதி இல்லையாம். விதி இருக்கிறதாம்.
நாணயம் சுண்டிப் பார்ப்பார்களாம்.

கல்லூரி வராந்தாவில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே,
இருபத்தைந்து பேர் ஜெர்சி போட்டு நின்றோம்.
ஷூவும்தான்.
சுண்டும் முன்னே கேப்டன் மகிழ்விழி சொன்னாள், "பூ."
எப்போதும் அவளுக்குப் பூதான்.

நாணயம் உருண்டு ஒரு பாட்டியின் பாய்க்கடியில் போனது.
பாயைத் தூக்கினார்கள்.
சிங்கம்.

ஜெயித்தவர்களுக்குக் குதிக்கத் தெரியவில்லை.
ஒருத்தி கைதட்ட ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.
மேடம் குடையை விரித்தார், வராந்தாவுக்குள்ளேயே.
தௌலத் கையுறையைக் கழற்றவே இல்லை,
அதோடேயே தட்டை வாங்கினாள்.
முகாம் அண்டாவில் உப்புமா, இரண்டு அணிக்கும் சேர்த்து.

வரிசையில் எனக்கு எதிரே ஏழாம் நம்பர்.
வீடியோவில் தெரிந்ததைவிடக் குள்ளம்.
முகத்தில் ஒரு பரு.
"நீதானே மூணாம் நம்பர்?" என்றாள்.
"ஆமா."
"உன்னப் பத்தி சொன்னாங்க.
ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல."

என்னைப் பற்றியா,
யார் சொன்னது, என்ன சொன்னார்கள்,
கேட்க வாய் வரவில்லை.
தண்ணீர்க் குடம் பக்கம் போக
அவள் தன் வலப்பக்கம் ஒரு அடி வைத்தாள்.
என் இடது கால் அதற்குள் போய் நின்றிருந்தது.
இடுப்பைத்தான் பார்த்திருக்கிறேன்.
இருவர் கையிலும் உப்புமா.
அவள் தோளை லேசாக உள்ளே காட்டினாள்.